எண்பத்தஞ்சு போட்டுக்கோ

மருத்துவமனைச் சலவைக்கூடத்துப் பெரியக்காவுக்கு ஒரு வித்தை தெரியும். ஈரப் போர்வை மூட்டையை ஒரு தூக்குத் தூக்கி, "பன்னிரண்டரை" என்பாள். தராசில் வைத்தால் பன்னிரண்டரைதான் இருக்கும். பதினாறு வருடமாக இப்படி! ஆனால் ஒருநாள்கூட அவள் அந்தத் தராசில் ஏறியதில்லை.

காரணம், நாலாம் வகுப்பு. எடை பார்க்கிற நாளில் வாத்தியார் ஒவ்வொருவரையும் ஏற்றி, எண்ணை உரக்கப் படித்தார். இவள் முறை வந்தது. "நாற்பத்தாறு!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், சீக்கிரம் இறங்கச் சொல்லுங்க, மிஷின் பாவம்!" வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார், அதுதான் ஆறவேயில்லை. அன்றிலிருந்து இரண்டு அளவு பெரிய சட்டைதான். போட்டோ என்றால் யார் முதுகுக்காவது பின்னால் பாதி முகம்.

இந்த வருடம் ஊழியர் விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி. சலவைக்கூடத்துக்கு எதிரி சமையல்கூடம். அணிக்கு ஆறு பேர், மொத்த எடை நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது. பெயர் எழுதியவள் அணித்தலைவியான இஸ்திரிக்காரி.

"அக்கா, உங்க எடை?"

"எண்பத்தஞ்சு போட்டுக்கோ." மூட்டைக்குச் சொல்வதுபோல அத்தனை உறுதி!

கூட்டிப் பார்த்தால் மூன்று கிலோ அதிகம். மற்ற ஐவரும் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முழுக்குப் போட்டார்கள். ஒருத்தி வளையலைக்கூடக் கழற்றிவைத்தாள்.

மைதானத்துக்கே தராசு வரும் என்று யாரும் பெரியக்காவிடம் சொல்லவில்லை. மைக்கோடு நின்ற நர்ஸைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"வயித்து வலிடி. என்னை விட்டுடு."

"அக்கா, பசியில எங்களுக்குக் காது அடைக்குது! நீங்க போனா ஆட்டமே கிடையாது!"

சமையல்கூடத் தலைவி அங்கிருந்தே கத்தினாள்: "யாருக்கும்மா பயம்? உனக்கா, மிஷினுக்கா?"

அதே சிரிப்பு. பெரியக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. செருப்பை உதறினாள், விறுவிறுவென்று போனாள், ஏறியேவிட்டாள்! கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள்.

"அறுபத்தெட்டு!" என்று மைக் அலறியது.

"தப்பு. மறுபடி பாருங்க, சிஸ்டர்" என்றாள் பெரியக்கா.

மறுபடியும் அறுபத்தெட்டு!

இஸ்திரிக்காரி வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி அக்கா! என்னைவிட ஒரு கிலோதான் கூட. இதுக்கா பட்டினி போட்டீங்க?" அப்புறம் குரல் இறங்கியது. "கனமான ஆளுன்னுதானே உங்களைக் கயித்தோட கடைசியில நிறுத்தினேன். இப்ப யாரை நிறுத்த?"

பெரியக்கா கணக்குப் போட்டாள். பதினேழு கிலோ. அப்படியொரு மூட்டையையா இத்தனை வருடமும் இறக்கிவைக்காமல் சுமந்து திரிந்தோம்? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கயித்தைத் தொடாத. கடைசி இடம் என்னோடது!"

விசில்! முறுக்கிக்கொண்ட ஈரப் போர்வைகளை மிஷினிலிருந்து உருவி உருவி உரமேறிய தோள் அது. "ஏ... இழு!" குதிகால் மண்ணைக் கீறியது. கயிறு ஒரு முழம் வந்தது, இரண்டு முழம் வந்தது, சமையல்கூடம் சரிந்தது! அதன் தலைவி நடுக்கோட்டைத் தாண்டி முட்டி தரையில் பட விழுந்தாள், விழுந்தபடியே கத்தினாள்:

"அறுபத்தெட்டாவது மண்ணாவது! சும்மா கதை விடாத!"

"நம்பலையா?" மூச்சு வாங்க, பெரியக்கா தராசை நோக்கி நடந்தாள். "வா, இன்னொரு தடவை ஏறிக் காட்டுறேன். சிஸ்டர், அந்த மைக்கைக் கொஞ்சம் பிடிங்க!"