நான் பிடித்து வைத்த இடம்

1976 ஒக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். மெல்பேர்னுக்கு வெளியே மலையடியில் தூறல். பழைய நீராவி ரயிலை ஆர்வலர்கள் ஆசைக்கு ஓட்டும் சின்ன நிலையம். யாழ்ப்பாணத்திலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த எங்களை அவன் அங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தான். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது.

அவள் கழிப்பறைக்குப் போனாள்.

"நீர் ஆறுதலா வாரும், நான் இடம் பிடிக்கிறன்" என்று ஓடி ஏறினேன். ஊர் ரயிலில் முந்தி ஏறுபவருக்குத்தான் ஜன்னலோரம். எதிர் ஆசனத்தில் அவளுக்காகக் கைக்குட்டையை விரித்தேன். எட்டுப் பேருக்கான அந்த அறைக்கு வேறு யாரும் வரவில்லை. ரயில் கார்டு வெளியிலிருந்து கதவைப் பூட்டி விசில் ஊதினார்.

ரயில் நகர்ந்தபோதுதான் அவள் வெளியே வந்தாள். நான் கத்தியது எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அடுத்த பெட்டிக்குப் போக உள்ளே வழியும் இல்லை. அவள் யாரிடம் என்ன கேட்பாள்? மலையைச் சுற்றித் திரும்பும் ஐம்பது நிமிடமும் மலையைப் பார்க்காமல் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது, டிக்கெட் விற்கும் பெண்ணோடு அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இடியப்பப் பொட்டலம் இருவருக்கும் நடுவே காலியாகக் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, இடம் கிடைச்சுதே?"

"ஓம்."

"அப்ப வாங்கோ. நான் இன்னும் ஏறேல்லை."

அவளுக்காக என்றுதான் வாழ்நாளெல்லாம் முந்தி ஓடியிருக்கிறேன். பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்ததில்லை. இம்முறை அவளை ஏற்றிவிட்டுப் பிறகு ஏறினேன். ஜன்னலோரம் இரண்டும் காலியாகவே இருந்தன.

எனக்கு இன்னொன்று வாங்கியதோடு மூன்று டிக்கெட். நான்கு டாலர் ஐம்பது சதம்.