கோழிப் பேன் மருந்து

இன்று காலை ஒரு கோழிப்பண்ணையில் நடந்ததை அவசர அவசரமாக எழுதுகிறேன். டைப்பிங்கில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

புதிதாக வந்தவர்களுக்கு: நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பெண். குடும்ப டாக்டர். ஆஸ்பத்திரி எட்டாத ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க இப்போது மேல் பயிற்சியில் இருக்கிறேன்.

(அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "டாக்டருக்குப் படிச்சுட்டு மறுபடியும் என்னடி டாக்டருக்குப் படிக்கிற?")

வகுப்பில் உலகப் படத்தைப் போட்டு காலரா, மலேரியா எல்லாம் சொல்லித் தருவார்கள். களப்பணிக்கு எனக்குக் கிடைத்ததோ நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள். (உலகம் டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது!)

நானும் நர்ஸ் செல்வி சிஸ்டரும் மருத்துவ வேனை நிறுத்தி மேசை போடுவதற்குள் ஈஸ்வரி ஓடி வந்தார். பண்ணையில் முட்டை எடுக்கிற வேலை. தோளில் ஏழு வயது மகள் தர்ஷினி. (பெயர்களை மாற்றிவிட்டேன். எழுதச் சொன்னதே ஈஸ்வரிதான்.) பிள்ளையின் தலையில் துண்டு கட்டியிருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க. ராத்திரியெல்லாம் ஒரே வாந்தி. காத்தால இருந்து பேசவே மாட்டேங்கறா."

ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். நெஞ்சு முழுக்க விசில். கோழித் தூசியில் இருக்கிற பிள்ளை, ஆஸ்துமாதான் என்று நெபுலைசரை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் வாயைப் பார்த்தேன். எச்சில் நிற்காமல் வழிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. தெரியாமலே சிறுநீர் போயிருந்தது.

கண்ணில் டார்ச் அடித்தேன். இரண்டு கண்மணியும் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன.

இது ஆஸ்துமா இல்லை. பூச்சி மருந்து!

"என்னத்தைக் குடிச்சா? மறைக்காம சொல்லுங்க!"

"ஐயோ, ஒண்ணும் குடிக்கலீங்க! நான் பக்கத்துலயேதானுங்க இருந்தேன்!"

அவர் பொய் சொல்லவில்லை. துண்டை அவிழ்த்தபோது குப்பென்று ஒரு காட்டமான வாடை. முடியெல்லாம் எண்ணெயில் சொதசொதவென்று ஊறியிருந்தது.

"தலையில என்ன போட்டீங்க?"

ஈஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்துல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. தலையில பேன் ஓடுது, போனாத்தான் வரணும்னுட்டாங்க. அதான் கோழிக்குப் பேன் புடிச்சா அடிக்கிற மருந்தை எண்ணெயில கலந்து நேத்து சாயங்காலம் தேச்சு உட்டனுங்க. கோழிக்கே ஒண்ணும் ஆவறதில்லீங்களே, புள்ளைக்கு என்ன ஆவப்போவுது?"

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவர் இருந்த இடத்தில் இருந்தால் அந்தக் கணக்கு சரியாகத்தான் தெரியும். என்னைப் பயமுறுத்தியதே அதுதான்.

சிஸ்டர் 108-க்குப் போன் போட்டார். கையுறை மாட்டிக்கொண்டு குழாயடியில் பிள்ளையை உட்கார வைத்து, சோப்புப் போட்டுத் தலையைக் கழுவினோம், கழுவினோம், கழுவிக்கொண்டே இருந்தோம்.

பெட்டியில் அட்ரோபின் இருந்தது. நஞ்சை முறிக்க முதலில் போட வேண்டிய ஊசி. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறேன். அங்கே எனக்குப் பின்னால் சீனியர் டாக்டர் நிற்பார். இங்கே பின்னால் கோழிகள்தான் நின்றன.

ஊசி போட்டேன். எச்சில் குறையவில்லை. மறுபடியும் போட்டேன்.

திடீரென்று அவள் மூச்சு நின்றது.

நண்பர்களே, அந்த நேரத்தில் நான் படித்த ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கை மட்டும் தானாகப் போய் மூச்சுப் பையை எடுத்து அவள் முகத்தில் வைத்து அழுத்தியது. ஈஸ்வரி மண்ணில் உட்கார்ந்து, "சாமி, என்னப் பாரு சாமி, அம்மாவப் பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. வழியெல்லாம் பையை அழுத்திக்கொண்டே போனேன்.

ஐசியூவில் சேர்த்தாகிவிட்டது. மதியத்துக்கு மேல் தானாக மூச்சு விட்டாள். கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். "இன்னும் சில நாள் கண் வெச்சுப் பார்க்கணும், மறுபடியும் மூச்சு மோசமாகலாம்" என்றார் அங்கிருந்த டாக்டர். ஆபத்து முழுதாகத் தாண்டவில்லை.

வெளியே பெஞ்சில் ஈஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏனுங்க, பேனாவது செத்துதுங்களா?"

சிரித்துவிட்டேன்! அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், "மிச்ச மருந்து எங்க?"

"எங்கக்கா கொண்டுட்டுப் போச்சுங்க. நேத்து ஓமலூர்ல இருந்து வந்திருந்துச்சு. அதோட பொட்டப்புள்ளைங்க ரெண்டு பேருக்கும் பேனுங்க. பாட்டில்ல ஊத்திக் குடுத்து உட்டேன்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது.

அவர் போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஈஸ்வரி நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் எடுத்தார்.

"புள்ளைங்க எப்படி இருக்காங்க? தலையில மருந்து போட்டாச்சா?"

"யாருங்க? ஏனுங்க இப்படிப் பதறறீங்க? இன்னும் போடலீங்க. வெள்ளிக்கெழமதானுங்களே பொட்டப்புள்ளைங்களுக்குத் தலைக்கு ஊத்தற நாளு. நாளைக்குப் போட்டுக்கலாம்னு எடுத்து மேல வெச்சிருக்கேனுங்க."

பாட்டிலைத் தொட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். போனை வைத்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இந்த அக்காவின் நம்பர் ஈஸ்வரியிடம் இருந்தது. இந்தப் பக்கம் இன்னும் எத்தனை பண்ணை, எத்தனை லைன் வீடு, எத்தனை பாட்டில் என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார்களா?

லைக் எல்லாம் வேண்டாம். இப்போதே கூப்பிடுங்கள். விடிந்தால் வெள்ளிக்கிழமை.