ஆக்டேவ் பெடலின் தனிக்குடித்தனம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஒரு மௌன ஜெப நேரம் உண்டு. ஆயர் கண்ணை மூடியதும் சபை முழுதும் தலை குனியும். மின்விசிறிகளைத் தவிர வேறு எதுவும் அசையாது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, அந்த மௌனத்துக்குள் கொசு ஒன்று மைக்கைப் பிடித்துப் பாடுவதுபோல் ஒரு சத்தம் புறப்பட்டது. ‘ஞீ’ என்று மெலிதாக, மூச்சு விடாமல். அது என் பேஸ் கிதாரின் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. வீடு கீழ்க்கட்டளையில், சபை தாம்பரத்தில். பாடகர் குழுவில் பல வருடம் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடிக்கொண்டிருந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பேஸ் வாசிக்க ஆரம்பித்தேன். அதுவரை வாசித்த பையன் கனடாவுக்குப் போய்விட, அவன் கிதார் உறையோடு சுவரில் சாய்ந்து கிடந்தது. நாலே கம்பி, எல்லாம் தாழ்ந்த சுரம், அதுவும் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றே, இதைக்கூட வாசிக்க முடியாதா என்று எடுத்தேன். முடிந்தது. பிறகு ஆசை விடவில்லை. காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க ஆரம்பித்தேன். சுருதி பார்க்கும் ட்யூனர், சத்தத்தைச் சீராக்கும் கம்ப்ரெஸர், கொஞ்சம் கரகரப்பு ஏற்றும் ஓவர்டிரைவ். மூன்றையும் ஒரு பலகையில் ஒட்டி, ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் ஒயரில் மாட்டியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாலாவதாக மேடவாக்கத்தில் ஒருவரிடம் பழைய ஆக்டேவ் பெடல் ஒன்றை வாங்கினேன். வாசிக்கும் சுரத்தோடு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றையும் சேர்த்துத் தரும் டிஜிட்டல் பெடல். அதை முதன்முதலாகச் சபைக்குக் கொண்டுபோன ஞாயிறுதான் அந்த ஞாயிறு.

அந்த ‘ஞீ’யை நிறுத்த ட்யூனரை மிதித்துப் பார்த்தேன். அதில் கிதார் ஊமையாகும், பின்னால் இருக்கும் பெடல்களின் சத்தம் நிற்காது. எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தால் ‘டொப்’ என்று இடி விழும். எனவே மற்றவர்களைப் போல் நானும் தலை குனிந்தேன். ஆனால் கண்ணை மூடவில்லை. அதனால்தான் முன்வரிசையில் இருந்த அங்கிளைப் பார்த்தேன்.

அவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. எங்கள் குழுவில் பாடும் மகளோடு இருக்கிறார். இரண்டு காதிலும் மெஷின். அன்று ஒரு மெஷினைக் கழற்றி, விரலால் தட்டி, வாயால் ஊதி, மறுபடி மாட்டினார். முகத்தைச் சுளித்தார். அடுத்ததைக் கழற்றினார். ஜெபம் முடியும்வரை இதே வேலை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “மெஷின் போயிடுச்சும்மா. நாளைக்கே கடைக்குப் போகணும்.”

நான் ஓடிப்போய் நிறுத்தினேன். “அங்கிள், மெஷின் நல்லாத்தான் இருக்கு. அந்தச் சத்தம் என்னோடது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களோடதா? உடம்புக்கு என்ன டீச்சர்?”

மகள் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற பாதி சபை திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் உற்சாகமாகிவிட்டார். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறார். மின்சாரத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே தொடர்பு, அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் ஒரு பிஸ்கட் டின். எங்கள் வீட்டில் செத்துப்போன ஒவ்வொரு போனுக்கும் மோடத்துக்கும் உரிய அடாப்டர் அதில் உறங்குகிறது.

“இவ்வளவு இருக்கும்போது எதுக்குப் புதுசு? இதுல ஒம்பது வோல்ட்டுன்னு போட்டிருக்கு பாரு” என்று ஒன்றை எடுத்து ட்யூனரில் சொருகிவிட்டார். ட்யூனர் எரியவில்லை. இன்னொரு முறை அழுத்திச் சொருகினார். எரியவில்லை.

அதன் பிறகுதான் அடாப்டரின் முதுகில் இருந்த சின்னப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். வீட்டுச் சாமான்களின் அடாப்டர் முனையில் பெரும்பாலும் உள்ளே பிளஸ், வெளியே மைனஸ். என் பெடல்களுக்கு நேர்மாறு, உள்ளேதான் மைனஸ் இருக்கவேண்டும். பழைய அடாப்டரை மாட்டியதும் ட்யூனர் சாதுவாக எரிந்தது. தப்பித்தது. கணவர் டின்னை மூடி, சத்தமில்லாமல் பழைய இடத்தில் வைத்தார்.

ஆனால் அவர் விடுகிறவர் இல்லை. அடுத்து வந்த ஒரு விடுமுறை வெள்ளிக்கிழமை, வெள்ளிதோறும் கூடும் பல்லாவரம் சந்தைக்குப் போகலாம் என்றார். பழைய புறாக்கூண்டு முதல் பாதி டைப்ரைட்டர் வரை கிடைக்கிற இடத்தில் ஒரு அடாப்டர் கிடைக்காதா? கிடைத்தது. ஒன்றல்ல, தார்ப்பாயில் ஒரு குவியல், பாம்புக்குட்டிகள் பின்னிக் கிடப்பதுபோல.

“இன்னா சார் தேடுற?” என்றார் கடைக்காரர்.

“ஒம்பது வோல்ட். உள்ள மைனஸ் இருக்கணும்” என்றார் என் கணவர், பிறவியிலேயே இதை அறிந்தவர் போல.

“உள்ள மைனஸும் கீது, வெளிய மைனஸும் கீது. நோண்டிப் பாரு சார்.”

அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் பக்கத்து விமான நிலையத்தில் தரையிறங்கப் போனது. அது போகும்வரை மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். போன பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “வூட்டுக்குப் போய் மாட்டிப் பாரு. ஓடலைன்னா அடுத்த வாரம் எடுத்துக்கினு வா. வேற ஏதாச்சும் எடுத்துக்கினு போ.”

வீட்டில் மாட்டினோம். உள்ளே மைனஸ்தான், நாலு பெடலும் எரிந்தன. ‘ஞீ’ அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ‘உர்ர்’ என்று புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது.

“முன்னாடி மேல சோப்ரானோ மட்டும் இருந்தது. இப்ப கீழ பேஸும் வந்தாச்சு. நடுவுல நீ ஆல்ட்டோ பாடிடு” என்றார் கணவர்.

கடைக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமை அலுவலகம் போகும் வழியில் கணவர் அதைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தார். அது பிரமாதமாக ஓடுகிறது.

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள் ஒரு பல் மருத்துவர். வாரம் முழுக்கப் பல்லைக் குடைகிற கை, சனிக்கிழமை டிரம்ஸை அடித்து ஆறுகிறது. அவளிடம் புலம்பினேன்.

“ஐசொலேட்டட் பவர் சப்ளை வாங்குங்க அக்கா. அதுல ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி லைன். ஒண்ணோட அழுக்கு இன்னொண்ணுக்குப் போகாது. இப்ப உங்க நாலும் ஒரே டம்ளர்ல தண்ணி குடிக்குது.”

அவள் போனில் காட்டிய வெளிநாட்டுப் பெட்டியின் விலை, என் கிதாரின் விலையைவிட அதிகம். மலிவானவையும் நிறைய இருந்தன. எல்லாவற்றின் மேலும் ‘ஐசொலேட்டட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் கீழே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தால், பெட்டிக்கு வெளியே மட்டும்தான் அப்படி, உள்ளே எல்லாம் ஒன்றாகத்தான் கட்டியிருக்கிறது என்று பலர் அழுதிருந்தார்கள். நேரில் பார்த்து வாங்குவது என்று தீர்மானித்தேன்.

பள்ளியில் இயற்பியல் ஆசிரியையிடம் ஆய்வகத்து மல்டிமீட்டரைக் கேட்டேன். தமிழ் மிஸ்ஸுக்கு இது எதற்கு என்று முதலில் சந்தேகமாகப் பார்த்தாலும், கதையைக் கேட்டபின் உற்சாகமாகச் சொல்லிக் கொடுத்தார். மீட்டர் ஒயரின் ஒரு முள்ளை ஒரு அவுட்லெட்டின் மைனஸிலும் மற்ற முள்ளை இன்னொன்றின் மைனஸிலும் வைக்கவேண்டும். ‘பீப்’ என்றால் இரண்டும் உள்ளே கைகோத்திருக்கின்றன. பேசாமல் இருந்தால் தனித்தனி.

தாம்பரத்தில் ஒரு இசைக்கருவிக் கடை. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கண்ணாடி மேஜைமேல் மல்டிமீட்டரை எடுத்து வைத்தேன். கடை ஊழியர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். முள்ளை வைத்தேன். பீப். இரண்டாவது பெட்டி. பீப். யுகுலேலே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் யுகுலேலேயை விட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றது. மூன்றாவது பெட்டி மௌனமாக இருந்தது. சந்தோஷமாக விலைச்சீட்டைத் திருப்பினேன். நானும் மௌனமானேன்.

“மேடம், நீங்க வாங்க வந்தீங்களா, செக்கிங் வந்தீங்களா?” என்று ஊழியர் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு அங்கிள் மகளோடு வந்திருந்தார். மீட்டரோடு நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கிட்டே வந்தார்.

“அந்தச் சத்தம் போச்சா டீச்சர்?”

“எங்க அங்கிள். எதனால வருதுன்னே புரியல.”

“நான் சொல்றேன். இந்த மெஷின் போட்டா எனக்குக் குண்டூசி விழுந்தாக்கூடக் காதுல குத்துது. நீங்க ஒவ்வொண்ணா மாத்துங்க. சத்தம் வந்தா கையைத் தூக்கறேன்.”

பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே போட்டு, நீதிபதி போல் உட்கார்ந்தார். நான் ட்யூனரைப் பிடுங்கினேன். கை உயர்ந்தது. அதை மாட்டிவிட்டுக் கம்ப்ரெஸரைப் பிடுங்கினேன். கை இறங்கவில்லை. ஓவர்டிரைவ், அதே கதை. ஆக்டேவ் பெடலைப் பிடுங்கினேன். கை மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. டிரம்ஸிலிருந்து பல் மருத்துவர் கைதட்டினாள்.

ஆக்டேவ் பெடலுக்கு மட்டும் ஒரு ஒன்பது வோல்ட் சதுரப் பேட்டரியைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். அங்கிளின் கை அசையவில்லை. பேட்டரியை எடுத்துப் பழையபடி கிளை ஒயரில் மாட்டினேன். கை விருட்டென்று எழுந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மற்ற மூன்றும் ஒரே ஒயரில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. கூட்டுக்குடும்பத்துக்கு ஒத்துவராதது இந்த டிஜிட்டல் மருமகள் ஒருத்திதான். அவளைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டால் போதும். நான் என்னவோ குடும்பம் முழுவதற்கும் தனித்தனி பங்களா தேடிக்கொண்டிருந்தேன்.

பெடலின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தேன். மற்ற மூன்றும் சேர்ந்து குடிப்பதைவிட இது ஒன்றே பல மடங்கு கரண்ட் குடிக்கிறது. ஒரு ஒத்திகைக்குள் பேட்டரியைக் காலி செய்துவிடும் என்பதும் புரிந்தது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அதே கடைக்குப் போனேன். ஊழியர் என் பையைப் பார்த்தார்.

“மீட்டர் எங்க மேடம்?”

“இன்னைக்கு வாங்க மட்டும்தான் வந்தேன்.”

ஒன்பது வோல்ட், உள்ளே மைனஸ், அந்தப் பெடல் கேட்கிற கரண்டுக்கு மேலேயே தரக்கூடிய, சீரான மின்சாரம் தரும் ஒரே ஒரு நல்ல அடாப்டர். பெட்டிகளின் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒன்றுமே இல்லை. வீட்டில் அதைப் பார்த்த கணவர், “இது நம்ம டின்ல இருக்கிற மாதிரியேதானே இருக்கு” என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மாட்டிவிட்டு, அங்கிளைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். நாலு பெடலையும் மிதித்தேன். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் அசைவில்லை.

“அங்கிள், தூங்கிட்டீங்களா?”

“சத்தமே வரலையே டீச்சர். நான் என்ன செய்ய?”

வேலை முடிந்தது, இனி அவர் தள்ளிப் போய் உட்காருவார் என்று நினைத்தேன். போகவில்லை. நாங்கள் பாட்டை ஆரம்பித்ததும் இரண்டு மெஷினையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இன்னும் நகர்த்தினார். எனக்கு மனசு கொஞ்சம் சுருங்கியது. அவ்வளவு மோசமாகவா வாசிக்கிறேன்?

பாட்டு முடிந்ததும் பக்கத்தில் போய், சத்தம் அதிகமா என்று சைகையில் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். மெஷின் இல்லாததால் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

“மெஷின் போட்டா எல்லாம் தகரம் மாதிரி கேக்குது டீச்சர். கழட்டினா பாட்டு போயிடும், கீபோர்டு போயிடும். என் பொண்ணு குரல்கூடப் போயிடும். உங்க வாத்தியம் மட்டும்தான் போறதில்ல. கீழ்ச்சுரம் இல்லையா, அது அப்படியே, பழையபடி கேக்குது. வருஷக்கணக்கா நான் எதையும் இப்படிக் கேட்டதில்ல.”

அவர் மகள் மைக் பக்கத்தில் நின்றிருந்தாள். பாட்டுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்து கிதாரைத் தோளில் மாட்டினேன். பேஸ் சத்தத்தை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. நின்றுபோனால்தான் ஏதோ குறைகிறதே என்று தேடுவார்கள். அதை மட்டுமே கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தபின் விரல்கள் வேறு மாதிரி நடக்கின்றன. வழக்கமாக ஏனோதானோ என்று விட்டுவிடும் முடிவுச் சுரங்களையெல்லாம் அன்று முழுசாக நிறுத்தி வாசித்தேன்.

இப்போது சனிக்கிழமை தவறாமல் வருகிறார். போன வாரம் மெதுவான ஒரு பாட்டு. நடுவில் மகள் பாடுவதை நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்து, நான் வாசிக்கிற அடிச்சுரங்களை ஒன்று விடாமல் முனகிக்கொண்டிருந்தார். சுருதி சுத்தமாக. பாட்டின் மெட்டு அவர் காதுக்கு எட்டவே எட்டாது, பேஸ் மட்டும் மனப்பாடம்.

“அக்கா, இனிமே உங்க பக்கம் ரெண்டு பேரு. நான் மட்டும் தனியா அடிக்கணுமா?” என்றாள் பல் மருத்துவர்.

எல்லோரும் சிரித்தோம். மெஷின் இரண்டும் சட்டைப்பையில் இருந்ததால் அவருக்கு அது கேட்கவில்லை. என் வாசிப்பும் நின்றதும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். என்னவென்று தெரியாமலே அவரும் சிரித்தார். பிறகு, ஏன் நிறுத்தினீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.