ஒன்றா ஏழா

ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் எனக்கு வேலை. சரக்குச் சீட்டில் உள்ள எண்களை ஒருத்தி மெஷினில் தட்டுவாள். அட்டையில் துளைகள் விழும். அந்த அட்டையை வாங்கி, அதே சீட்டைப் பார்த்து, இன்னொரு மெஷினில் நான் மறுபடி தட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து விசைகள் பூட்டிக்கொள்ளும். அதைத் தாண்டித் தப்பு போகாது என்றே எல்லோரும் நம்பினோம்.

அட்டைகளிலிருந்து மறுநாள் இறக்கும் சரக்கின் பட்டியல் அச்சாகும். அதிலுள்ள எடையைப் பார்த்துத்தான் துறைமுகத்தில் சின்னக் கிரேனா பெரிய கிரேனா என்று முடிவு செய்வார்கள். கொக்கியில் சங்கிலி மாட்டும் ஆட்களில் என் அண்ணனும் ஒருவன்.

ஒரு நாள் காலை, முந்தின நாள் சீட்டுகளைக் கட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. எண்ணூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்கு வந்த இயந்திரப் பெட்டி. எடை ஒரு டன் என்று தட்டியிருந்தோம். நீள அகலத்தைப் பார்த்தால் ஒரு சின்ன அறை அளவு. அவ்வளவு இரும்பு ஒரு டன்தானா? எழுதியவர் கையில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருந்தன. முதலில் தட்டியவளும் ஒன்று என்று படித்திருக்கிறாள், நானும் அப்படியே. விளக்கு எப்படி எரியும்?

சீட்டை எடுத்துப் போய் அவளிடம் காட்டினேன்.

"இன்னாக்கா இது, ஏழு மாரி கீதே!" என்று எழுந்துவிட்டாள்.

மேலதிகாரியிடம் ஓடினேன். "விளக்கு எரியலையே, அப்புறம் என்னம்மா?" என்றார்.

"சார், எங்க அண்ணன் அந்தப் பெட்டிக்குக் கீழதான் நிப்பான்."

சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடனே டெலிபோனை எடுத்தார். பேசி முடித்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "பெட்டியைக் கொக்கியில மாட்டிட்டாங்களாம். நிறுத்தச் சொல்ல ஆள் ஓடியிருக்கான்."

பிறகு யாரும் எதையும் தட்டவில்லை. ஜன்னல் பக்கம் போனால் துறைமுகத்தின் விபத்துச் சங்கு கேட்டுவிடுமோ என்று பயந்து, சுவரோரமாகவே நின்றேன். டெலிபோன் மறுபடி அடித்ததும் அவர் எடுத்துக் கேட்டார்; தலையை ஆட்டினார். "யாருக்கும் ஒண்ணுமில்ல."

சாயங்காலம் அண்ணன் வந்து சொன்னான்: "மொத தபா தூக்கறப்பவே கிரேன் முன்னால சாஞ்சிச்சு. டிரைவர் டக்குனு எறக்கிட்டான். இன்னொரு தபா தூக்கலாம்னுகினு இருந்தானுங்க, அதுக்குள்ள ஒருத்தன் கத்திகினே ஓடியாந்தான்."

சோறு போட்டேன். 

மறுவாரம் முதல், பெட்டியின் எடையை எழுத்தாலும் எழுதாத சீட்டை நாங்கள் இருவரும் தொடவில்லை. கப்பல் ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்கள்.