விடுப்புக் கடிதத்தில் ஒரு சொல்

இல்லை, சுகந்தி அப்படிப்பட்டவள் அல்ல. கடிகாரம் பாராமல் உழைத்தவள் என்று இரங்கல் கூட்டத்தில் மேலாளர் சொன்னார். அவளோடு வேலை பார்த்த நீங்களாவது அதை நம்பாதீர்கள். அவள் கடிகாரம் பார்ப்பாள். ஆறு அடித்தால் பையை மாட்டிக்கொள்வாள்.

செய்தி வியாழக்கிழமை காலை வந்தது. திருப்பதியில் எங்கள் விடுதியின் வரவேற்பு மேசையில் நின்றிருந்தேன். நகரியிலிருந்து அவள் அப்பா போன் செய்தார். "பாப்பா பூட்ச்சிம்மா." டெங்கு. வயது இருபத்து நான்கு. எதிரே நின்ற குடும்பத்துக்கு அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் அழுதேன். அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

ஒருமுறை அவள் கிளம்பும்போது மேலாளர் மறித்தார். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலை மேல பக்தியே இல்ல."

"பக்தி மலை மேல சார். இங்க டூட்டி."

அன்று ஓய்வறையில் என்னிடம் சொன்னாள்: "சூடேறினா பவர்லூம் தறியவே எங்க நைனா நிறுத்திடுவாருடி. நாம மட்டும் நின்னுக்கினே இருக்கணுமா?"

இருந்த நேரத்தில் அவள் வேலையில் பிழை கிடையாது. முழங்கால் வலியோடு வருகிறவர்களுக்குக் கேட்காமலே கீழ்த்தள அறை தருவாள்.

காய்ச்சல் வந்த அன்று விடுப்புக் கடிதம் எழுதினாள். தெலுங்கில்தான் எழுத வேண்டும் என்பது மேலாளரின் விதி. சுகந்தி தமிழில் படித்தவள். தெலுங்கு சரளமாகப் பேசுவாள், எழுதத் தடுமாறுவாள். 'காய்ச்சல். இரண்டு நாள் விடுப்பு. அவசரம்.' கடைசிச் சொல்லை அப்படியே தெலுங்கு எழுத்தில் போட்டுவிட்டாள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவ்வளவுதான்.

மேலாளர் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "செலவு எவரிக்கி அவசரம் லேதம்மா?" பிறகு அதையே தமிழில்: " லீவு யாருக்குத்தான் தேவையில்ல? மாத்திரை போட்டுக்கினு நில்லு." ஓரத்தில் மறுத்துக் கையெழுத்திட்டு அவளிடமே திருப்பினார்.

அவருக்குத் தமிழ் தெரியும். அவள் சொல்ல வந்ததும் தெரியும்.

நானும் சிரித்தேன். "அடுத்த தடவ அர்ஜென்ட்னு எழுதுடி."

மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள் மேசையிலேயே சாய்ந்தாள். அவள் அப்பா வந்து நகரிக்குக் கூட்டிப்போனார்.

கூட்டத்தில் அவர் கைகட்டி நின்றார். "காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காத பெண். இன்றைய இளைஞர்கள் சுகந்தியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்." அவள் உயிர் அவருக்குப் போதவில்லை. எங்களை விரட்ட அவள் பெயரும் வேண்டும்.

அந்தப் பெயரைத் தரமாட்டேன். உங்களுக்கு எழுதும் இதை அவரும் படிப்பார். படிக்கட்டும். அவரை மன்னிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என் சிரிப்பையும் மன்னிக்கவில்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் வாய் மட்டும். இனி எனக்கும் பதில் சொல்ல வரும்.

நேற்று தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன், என் பெயரோடு, கடிதத்தின் நகலோடு. பிறகு நகரிக்குப் போய், அவள் மேசையில் விட்டுப்போன மூலக் கடிதத்தை அவள் நைனாவிடம் கொடுத்தேன். தெலுங்கு எழுத்து தெரியாது என்றார். தமிழில் படித்துக் காட்டினேன்.