துளசிக்கு வைத்த ஐஸ்

1936 மே 7, வியாழக்கிழமை, காலை ஐந்து நாற்பது. காற்றே இல்லை, அந்நேரத்துக்கே முதுகு நனைந்தது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போன அம்மா கத்திய கத்தலில் நான் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

முற்றத்துத் துளசி கறுத்திருந்தது. முதல் நாள் மாலைவரை பச்சையாக நின்ற செடி, கொதிநீரில் போட்டு எடுத்த கீரைபோலத் துவண்டு தொங்கியது. உள்ளே அப்பாவுக்கு டைபாய்டு, பதினேழாம் நாள். அம்மா செடியைப் பார்த்தாள், உள்ளறையைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என் தாலிக்குல்ல வந்துருச்சு!”

செடி கறுத்தது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. மாமா தினமும் மதுரை ரயிலடிப் பக்கம் போய் மரத்தூளில் பொதிந்த ஐஸ் பத்து ராத்தல் வாங்கி வருவார். அதை ரப்பர் பையில் போட்டு அப்பாவின் தலையில் வைத்தால் காய்ச்சல் இரண்டு டிகிரி இறங்கும். வெயிலில் துளசி தலை சாய்ந்ததைக் கண்டு அதற்கும் காய்ச்சல் என்று நினைத்தேன். மீந்திருந்த பதினொரு துண்டுகளை அந்தி சாய்ந்ததும் வேரிலும் கிளையிலும் வைத்து, சாக்கால் மூடினேன். விடியுமுன் சாக்கை உருவியபோது இருட்டில் இலை தெரியவில்லை.

அம்மா அழுவதைத் தாங்காமல், “நாந்தாம்மா ஐஸ் வச்சேன்” என்றேன். அறை விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. அவள் முகம் வெளிறியது.

“ஒரு ராத்திரியில செடியவே இப்படிக் கருக்கிப்புட்டுச்சே! இத்தன நாளா அவுக தலையில வச்சிருக்கேனே, பாவி!”

உள்ளே ஓடி, பையைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினாள். “டாக்டர் சொன்னதாச்சே அக்கா!” என்று மாமா கெஞ்சினார்.

“டாக்டரு வீட்டுத் துளசியா கருகுச்சு? போடா!”

பத்து மணிக்கு நூற்றுமூன்று. பன்னிரண்டுக்கு நூற்றுநான்கு. மூன்றுக்கு நூற்றைந்தரை, அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மாமா டாக்டரை இழுத்து வந்தபோது மணி நான்கு. “செடியும் இவரும் ஒண்ணாம்மா?” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் மறுபடி ஐஸ் வந்தது. அதற்குள் பத்து மணி நேரம் போயிருந்தது.

முப்பத்துநான்காம் நாள் அப்பா எழுந்தார். வலது காது மட்டும் கேட்கவில்லை. அந்தப் பத்து மணி நேரத்தாலா என்று பிற்பாடு நான்கு டாக்டர்களைக் கேட்டேன். இரண்டு பேர் டைபாய்டே அப்படிச் செய்யும் என்றார்கள், ஒருவர் தெரியாது என்றார், ஒருவர் சிரித்தார்.

இலையின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது என்று பல வருடம் கழித்துப் படித்தேன். குளிரில் அது நெய்போல இறுகும். அந்த இறுக்கமே செடிக்குக் குளிர் வந்த சேதி. குளிர்நாட்டுச் செடிகள் சேதி கிடைத்ததும் சில நாளில் கொழுப்பின் பக்குவத்தை மாற்றிக்கொள்ளும். மதுரைத் துளசிக்கு அந்தப் பழக்கம் ஏது? சவ்வு பழுதாகி, உள்ளே தனித்தனியாக இருந்த சாறுகள் கசிந்து கலந்து கறுத்துவிட்டன. இலைக்குத் தன்னைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அப்பாவின் உடம்போ எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்தவன் நான். உண்மையைச் சொன்னால் அம்மாவின் பயம் போய்விடும் என்று நம்பியவனும் நான்தான்.

1957இல், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். “அம்புட்டும் இரைச்சலாக் கெடக்குடா” என்று நான்காம் நாள் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். விலை முந்நூற்று நாற்பது ரூபாய்.