தலைவர் படமும் அமராவதி தோப்புப் பலாவும்

மோகனப்ரியாவுக்குக் கோபம் வராத நாள் குறைவு. வராமல் என்ன செய்யும்? அரிமளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வடகாட்டுக்கு வந்து, உரக்கடை மாடியில் ஒற்றை அறையில் உட்கார்ந்து, பலா விவசாயிகள் கம்பெனியின் கணக்கு, போன், வெப்சைட் எல்லாவற்றையும் ஒருத்தியாக இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவள் செய்கிற வேலையில் குற்றம் சொல்ல மட்டும் அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

இந்த வருஷம் மரமெல்லாம் காய்த்துத் தள்ளிவிட்டது. காய் பெருகினால் மண்டிக்காரர் வைத்ததுதான் விலை. அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மரத்தடியிலேயே அழுக விட வேண்டியதுதான். போன வருஷம் அமராவதியின் தோப்பில் அப்படித்தான் ஆனது. புருஷன் போன பிறகு தனியாளாகத் தோப்பைக் காப்பாற்றி வருகிறவள் அமராவதி. இந்த முறை சென்னையில் பல கடைகள் வைத்திருக்கும் பழ வியாபாரி ஒருவர் நேரடியாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னதும், அதை நம்பி மண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வியாபாரி கேட்டது ஒன்றே ஒன்று. "பழத்த வெட்டி, சுளை தெரியுற மாதிரி படம் எடுத்து உங்க வெப்சைட்ல போடுங்க மேடம். எங்க கொள்முதல் ஆளு வெள்ளிக்கிழமை பார்த்துட்டு முடிவு சொல்லிருவாரு."

மோகனப்ரியா காலையிலேயே தோப்புக்குப் போனாள். அமராவதி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளக்க, வெயில் சாய்வாக விழும் இடம் பார்த்து இவள் படம் எடுத்தாள். அதோடு வேலை முடிந்துவிடவில்லை. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் திறக்காது. ஒவ்வொன்றையும் அளவாக வெட்டி, கனத்தைக் குறைத்து, கீழே பழத்தின் எடையும் ரகமும் எழுதினாள். ஓடுகிற பஸ்ஸில் தன் போனிலேயே திறந்து பார்த்தாள். மஞ்சள் சுளை பளிச்சென்று வந்து நின்றது. அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது.

அது கம்பெனித் தலைவர் சோலையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நம்ம படம் எங்க?"

"கடைசியில நிர்வாகிகள்னு போட்டிருக்கேங்க ஐயா."

"கடைசியிலயா? காதுகுத்துக்குப் பிளக்ஸ் வச்சாக்கூட தலைவர் தலை மேல பெருசா, செயலாளர் அடுத்து, மத்தவங்க வரிசையான்னு ஒரு மொற இருக்குல்ல?"

இருக்கிறதுதான். அந்தப் பக்கத்தில் பிளக்ஸில் தலை கொஞ்சம் சிறுத்துவிட்டால் விசேஷத்துக்கே வராமல் முறுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. "ஐயா, பிளக்ஸ் ரோட்டுல போறவங்க பாக்குறது. இது பழம் வாங்குறவரு பாக்குறது" என்று பொறுமையாகத்தான் சொன்னாள்.

"யாருகிட்ட வாங்குறோம்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றார் அவர்.

வியாழக்கிழமை அவள் லீவு. அன்றைக்கென்று பார்த்து தலைவர் பிளக்ஸ் கடை சேரனை மாடிக்குக் கூப்பிட்டார். சேரனுக்குத் தெரிந்தது பிளக்ஸ். மெயின்ரோட்டுப் போர்டுக்காகச் செய்து வைத்திருந்த பிரம்மாண்டமான படங்களை ஒரு சுற்றும் குறைக்காமல், கும்பிட்ட கையும் மாலையுமாக, நிர்வாகிகள் அத்தனை பேர் தலையையும் பக்கத்தின் உச்சியில் வரிசையாக ஏற்றிவிட்டார். பழமெல்லாம் அடியில் போய்விட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேபிள் நெட் இருந்ததால் உடனே திறந்தது. தலைவருக்கு ஒரே பூரிப்பு. யாரும் மறுபடி கை வைக்கக் கூடாது என்று பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். அந்தப் புத்தி மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ.

வெள்ளிக்கிழமை சென்னை ஆள் வண்டியில் போய்க்கொண்டே கூப்பிட்டார். "மேடம், ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே இருக்கு. யாரோ ஒருத்தர் நெத்தி மட்டும் வருது. பழம் எங்க?"

மோகனப்ரியா ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தாள். உச்சியில் நிர்வாகிகள் தலை. எடுத்துவிடலாம் என்று போனால் பாஸ்வேர்டு ஏறவில்லை. தலைவரிடம் கேட்டால், "சேரனுக்குத்தாம்மா தெரியும்" என்றார். சேரன் ஆவுடையார்கோவில் பக்கம் எங்கோ சாரத்தின் மேல் நின்று போர்டு கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. கடைசியில் இவளே படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சென்னைக்குப் பேசினாள். "ஸாரி மேடம், பண்ருட்டியில பேசி முடிச்சுட்டோம்" என்று வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அமராவதியும் இன்னும் சில பெண்களும் மாடியேறி வந்தார்கள். தலைவரும் இருந்தார்.

"ஏத்தா, நீ எடுத்த போட்டோ சரியில்லைன்னுல்ல வேணாமுன்னுட்டாங்களாம்" என்றாள் அமராவதி. திட்டவில்லை. அழுது ஓய்ந்த குரல்.

"யாரு சொன்னா சித்தி?"

"தலைவர்தான்."

மோகனப்ரியாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் மயிரே போச்சு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "சித்தி, ஒங்க போனக் குடுங்க" என்று வாங்கி, கம்பெனிப் பக்கத்தைத் திறந்து அவர்கள் நடுவில் நீட்டினாள்.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வழித்துச் சீவிய முடி வந்தது. நெற்றி, திருநீறு, அப்புறம் ஒரு புருவம். மீசை வருவதற்குள் நின்றிருந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வழியாகத் தலைவர் முழுசாக வந்து கும்பிட்டார். அடுத்து செயலாளர் நெற்றி ஆரம்பித்தது.

"பழம் எங்கத்தா?" என்றாள் அமராவதி.

"இந்த ஐயாமாரு அத்தன பேரும் வந்த பெறகுதான் சித்தி பழம். நான் மொதல்ல வச்சிருந்தேன். இவரு கீழ தள்ளிட்டாரு."

"இங்கிட்டு சிக்னல் இல்ல, அதான்" என்றார் தலைவர்.

அமராவதி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "சிக்னல் இல்லாத ஊருன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும். நாங்க பழத்த விக்கச் சொன்னமா, ஒங்க மூஞ்சிய விக்கச் சொன்னமா?"

போனில் செயலாளருக்கு அப்போதுதான் கண் வந்திருந்தது. அமராவதி அதைக் கொண்டுபோய்த் தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"பழம் வர்ற வரைக்கும் நீங்களே பாத்துக்கிட்டு இருங்க. நாங்க போயி அழுகுனத அள்ளிக் கொட்டிட்டு வாரோம்."